குடத்துக்கு முன் ஒரு சல்லடை

ப்ளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. கம்பெனியிலிருந்து ஒரு ஃபார்ம் வரும். பத்தாம் வகுப்பு சதவீதம், பன்னிரண்டாம் வகுப்பு சதவீதம், சிஜிபிஏ, நிலுவையில் அரியர் இருக்கா, நைட் ஷிஃப்டுக்கு ஓகேவா என்று வரிசையாகக் கேள்விகள். டிக் அடித்து அனுப்பிய ரெண்டாவது நிமிஷம், நன்றி, வருந்துகிறோம் என்று ஒரு மெயில். உங்கள் ரெஸ்யூமை ஒரு மனிதர்கூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார். அந்தப் பக்கம் ஹெச்ஆர் ஒருவர், சாஃப்ட்வேரில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிபந்தனை போட்டு வைத்திருக்கிறார். இந்தப் பதில் வந்தால் உள்ளே, அந்தப் பதில் வந்தால் வெளியே. ஃபில்டர் என்பது அவ்வளவுதான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது.

இந்த இதழில் நாம் பார்க்கப்போகிற மனிதரின் காலத்தில், நம்ம ஆரணியிலிருந்து பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய ஓர் ஊரில், இதே மாதிரி ஒரு ஃபில்டரைப் போட்டு, அதை ஒரு வரி விடாமல் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். ஊர் உத்திரமேரூர். அப்போது சோழ நாட்டை ஆண்டவர் முதலாம் பராந்தகன். குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே சமாச்சாரம்தான். ஆனால் புத்தகத்தில் குடத்தைப் பற்றிச் சொல்கிற அளவுக்கு, குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதைச் சொல்வதில்லை. விஷயமே அங்கேதான் இருக்கு.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம்.

பராந்தகன் 907-ல் பட்டத்துக்கு வந்தார். அப்பா ஆதித்த சோழன். பல்லவ அபராஜிதனைக் கொன்று தொண்டை மண்டலத்தைச் சோழருக்குச் சேர்த்தவர் அவர்தான். ஆக, காஞ்சிபுரம், உத்திரமேரூர், நம்ம ஆரணிப் பக்கம் எல்லாம் சோழர் கைக்கு வந்து அப்போது ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. ஆதித்தனுக்கு ராஷ்டிரகூட இளவரசி மூலம் இன்னொரு மகனும் உண்டு. அந்தப் பேரனை விட்டுவிட்டுப் பராந்தகன் பட்டம் ஏறியதுதான் ராஷ்டிரகூட மன்னன் இரண்டாம் கிருஷ்ணன் படையெடுத்து வந்ததற்குக் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். வல்லம், அதாவது இன்றைய வேலூர் பக்கத்துத் திருவல்லத்தில் சண்டை நடந்தது. பராந்தகன் ஜெயித்தார். வீரசோழன் என்று பட்டம் போட்டுக்கொண்டார். அந்தப் பகுதியை ஆண்டுகொண்டிருந்த வாணர்களை ஒழித்து, அவர்கள் இடத்தைத் தனக்குத் துணை நின்ற கங்க அரசன் இரண்டாம் பிருதிவிபதிக்குக் கொடுத்தார்.

தெற்கேயும் சும்மா இருக்கவில்லை. ஆட்சிக்கு வந்த மூன்றாவது வருஷமே மதுரை கொண்டவன் என்ற பெயர் கல்வெட்டுகளில் வர ஆரம்பித்துவிடுகிறது. பாண்டியன் இராசசிம்மன் இலங்கை மன்னன் ஐந்தாம் கஸ்ஸபனிடம் உதவி கேட்க, அங்கிருந்து படை வந்தது. வெள்ளூரில், சுமார் 915-ல், ரெண்டு படையும் சேர்ந்தே தோற்றன. பாண்டியன் இலங்கைக்கு ஓடினார். அங்கேயும் நிலைக்க முடியாமல் தன் கிரீடத்தையும் குலச்சின்னங்களையும் இலங்கை மன்னரிடம் விட்டுவிட்டு, அம்மா பிறந்த சேர நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். இந்தக் கிரீடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஆக 919-ல் பராந்தகனுக்கு வடக்கிலும் தெற்கிலும் பெரிய தலைவலி கிடையாது. அந்த வருஷம்தான், அவருடைய பன்னிரண்டாவது ஆட்சியாண்டில், உத்திரமேரூர்ச் சபை தன் முதல் விதிகளை எழுதியது.

உத்திரமேரூர் பல்லவர் காலத்திலேயே பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். ஏரி, தோட்டம், வரி, பொன்னின் மாற்றுப் பார்ப்பது என்று எல்லாவற்றையும் அங்கிருந்த சபைதான் பார்த்துக்கொண்டது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குழு. குழுவுக்குப் பெயர் வாரியம். ஆமாம், மின்சார வாரியம், ஆசிரியர் தேர்வு வாரியம் என்று நாம் இன்றைக்கும் சொல்கிறோமே, அதே வார்த்தை. இந்த வாரியங்களுக்கு ஆள் எடுப்பதில்தான் தகராறு. தீயவர்கள் ஒழிந்து மற்றவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் விதிகளின் நோக்கம் என்று கல்வெட்டே சொல்கிறது. அப்படி எழுதுகிறார்கள் என்றால், அதற்கு முன்னால் அங்கே என்ன நடந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விதிகளைப் பராந்தகன் உட்கார்ந்து எழுதவில்லை. அரசனின் ஆணை ஓலை வந்தது, அரசனின் அதிகாரி ஒருவர் நேரில் உட்கார்ந்தார், சபை எழுதியது. 919-ல் வந்த அதிகாரி தத்தனூர் மூவேந்தவேளான். ரெண்டே வருஷம் கழித்து, 921-ல், பதினான்காவது ஆட்சியாண்டில், கரஞ்சை கொண்டய கிரமவித்த பட்டன் என்கிற சோமாசிப் பெருமான் வந்து உட்கார, சபை விதிகளைத் திருத்தி மறுபடி எழுதியது. நம்ம பாஷையில் சொன்னால் முதல் வெர்ஷன் ரிலீஸ் ஆகி ரெண்டு வருஷத்தில் ரெண்டாவது வெர்ஷன். ரெண்டும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. 1898-ல் கல்வெட்டுத் துறை படியெடுத்து, வெங்கய்யா ஆராய்ந்து எழுதிய பிறகுதான் வெளி உலகத்துக்குத் தெரிந்தது.

இனி அந்த ரெண்டாவது வெர்ஷனைத் திறந்து பார்ப்போம். நீங்கள் அந்த ஊரில் இருக்கிறீர்கள், வாரியத்துக்குப் போக ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி நிலம். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். இப்போது வழக்கில் சொல்லும் கணக்கில் கால் வேலி என்பது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். அடுத்தது வீடு. சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வாடகை வீடு என்றால் வெளியே. அப்புறம் வயது. முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ். அப்புறம் படிப்பு. வேதத்தில் மந்திரம், பிராமணம் என்ற பகுதிகளை ஓதத் தெரிந்தால் போதாது, அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரிய வேண்டும்.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு இடம் வருகிறது. நிலம் கால் வேலி இல்லை, அரைக்கால் வேலிதான் இருக்கு. ஆனால் ஒரு வேதம் முழுக்கத் தெரியும், நான்கு பாஷ்யங்களில் ஒன்றை விளக்கிச் சொல்லவும் தெரியும் என்றால், உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். புரோகிராமிங் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும், இது ஒரு ஆர் கண்டிஷன். எல்லாக் கேள்வியையும் ஆண்ட் போட்டுக் கட்டிவிட்டால் ஒரே ஒரு கேள்வியில் தவறுகிற நல்ல ஆள் வெளியே போய்விடுவார் என்று 921-லேயே யாரோ யோசித்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் 58 சதவீதம், ஆனால் மூன்று நல்ல ப்ராஜெக்ட் கையில் இருக்கும் பையனுக்கு இந்த அரைக்கால் வேலி வழி இன்றைக்கு எத்தனை ஃபார்மில் இருக்கிறது? ஃபில்டர் போடத் தெரிந்த எல்லோருக்கும் இது ரெண்டு நிமிஷ வேலைதான்.

அந்த மேல், கீழ் என்பதையும் விட்டுவிடாதீர்கள். முப்பத்தைந்துக்கு மேல் என்றால், சரியாக முப்பத்தைந்து நடக்கிறவர் உள்ளேயா வெளியேயா? கிரேட்டர் தேன், கிரேட்டர் தேன் ஆர் ஈக்வல் டு சண்டை ஆயிரம் வருஷப் பழசு. சபையில் ஆளைத் தெரிந்த பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணலாம். சாஃப்ட்வேர் பேசாது.

அடுத்து சில தகுதிகள் வருகின்றன. காரியத்தில் கெட்டிக்காரராக இருக்க வேண்டும், நேர்மையாகச் சம்பாதித்திருக்க வேண்டும், மனசு சுத்தமாக இருக்க வேண்டும். இதை எப்படிச் சோதிப்பது? உங்கள் ஃபார்மில் நீங்கள் டீமோடு ஒத்துப்போவீர்களா என்று ஒரு கேள்வி வருமே, இல்லை என்று யாராவது டிக் அடித்ததாகக் கேள்விப்பட்டதுண்டா? இந்த மாதிரிக் கேள்வியை ஃபில்டரில் வைத்தால் பொய் சொல்லத் தெரியாதவர் மட்டும்தான் வடிகட்டப்படுவார். உத்திரமேரூரில் இது ஓரளவு செல்லுபடியானதற்குக் காரணம், பதில் சொன்னது விண்ணப்பித்தவர் இல்லை, ஊர்.

அவர்களுடைய உண்மையான கெட்டிக்காரத்தனம் சரிபார்க்கக்கூடிய கேள்விகளில் இருக்கு. கடந்த மூன்று வருஷத்தில் எந்த வாரியத்திலாவது இருந்தீர்களா? இருந்தால் இந்தத் தடவை கிடையாது, அடுத்தவருக்கு வழி விடுங்கள். முன்னால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனீர்களா? போனால் கிடையாது. உங்களுக்கு மட்டுமில்லை. உங்கள் அப்பா, பிள்ளை, கூடப்பிறந்தவர், மாமனார், மைத்துனர், மருமகன், சித்தப்பா, பெரியப்பா, மாமா, சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமா பிள்ளைகள், தங்கச்சி புருஷன், அக்கா தங்கச்சி பிள்ளைகள் வரைக்கும் ஒருவருக்கும் கிடையாது. ஒருத்தர் கணக்கை அமுக்கினால் மொத்தச் சொந்தமும் குடத்துக்கு வெளியே. கல்யாண வீட்டுப் பத்திரிகையில் பெயர் போடுகிற மாதிரி ஒவ்வொரு உறவாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஊழல் செய்தவர் தன் மைத்துனரை நிறுத்திவிட்டுப் பின்னால் உட்கார்ந்து ஓட்டுவார் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஆனால் ஒரு தப்பும் செய்யாத அந்த அத்தை பையனை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. தன் நடத்தையில் எந்த மாற்றம் செய்தாலும் அவனால் அந்தச் சல்லடையைத் தாண்ட முடியாது. இன்றைக்கும் காலேஜ் பெயரையோ ஊர் பின்கோடையோ வைத்து வடிகட்டினால் நடப்பது இதேதான்.

இதற்கு மேல் திருடியவர், பெரும் பாவங்கள் செய்தவர் என்று இன்னொரு பட்டியல். பொன் வாரியம் மாதிரியான பணம் புழங்குகிற இடத்துக்கு இன்னும் கெடுபிடி. தண்டனையாகக் கழுதை மேல் ஏற்றப்பட்டவரும், பொய்க் கையெழுத்துப் போட்டவரும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

இவ்வளவையும் தாண்டியவர்களின் பெயர்கள்தான் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்துக்குப் போகும். ஊரில் முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. குடும்புக்கு ஒரு கட்டு ஓலை. சின்னவர் பெரியவர் எல்லோரும் கூடியிருக்க, கோயில் நம்பிமார் ஒருவர்கூட விடாமல் உட்கார்ந்திருக்க, அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கிற மாதிரித் தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன என்று தெரியாத ஒரு சின்னப் பையன் ஓலையைக் குலைத்து ஒன்றை எடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை வைத்திருக்கக் கூடாதே! அவர் படிப்பார், பிறகு நம்பிமார் எல்லோரும் வரிசையாக அதே ஓலையைப் படிப்பார்கள். இப்படி முப்பது பேர். அதில் படிப்பும் அனுபவமும் உள்ள பன்னிரண்டு பேர் ஆண்டு வாரியத்துக்கு, பன்னிரண்டு பேர் தோட்ட வாரியத்துக்கு, ஆறு பேர் ஏரி வாரியத்துக்கு. 360 நாள் வேலை. நடுவில் தப்புச் செய்து மாட்டினால் அன்றைக்கே காலி.

இதை உலகின் முதல் தேர்தல் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் வரும். ஓட்டு யாரும் போடவில்லை, நண்பர்களே. சல்லடை போட்டுச் சலித்த பிறகு குலுக்கல். குலுக்கல் நேர்மையானதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் யார் ஜெயிப்பார் என்பதில் பெரும்பகுதி குலுக்கலுக்கு முன்னாடியே முடிந்துவிட்டது. பெண்களுக்கு இடமில்லை. நிலமில்லாதவருக்கு இல்லை. ஏர் ஓட்டியவர், தறி நெய்தவர் யாருக்கும் இந்தச் சபையில் இடமே இல்லை, ஏனென்றால் வேதம் என்ற ஒரு கேள்வியே அவர்கள் எல்லோரையும் ஒரே அடியில் வெளியே தள்ளிவிடும். ஆரணியில் இன்றைக்குப் பட்டுத் தறியில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் அந்தக் குடத்தைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்க முடியும்.

ரெண்டு வெர்ஷனுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒன்றை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 919-ல் வயது வரம்பு முப்பதிலிருந்து அறுபது. 921-ல் முப்பத்தைந்திலிருந்து எழுபது. 919-ல் முப்பத்தொன்று வயதில் தகுதியோடு இருந்த ஒருவர், ரெண்டு வயது கூடிய பிறகு தகுதி இழந்துவிட்டார்! அறுபத்தொன்றில் வெளியே இருந்தவர் அறுபத்து மூன்றில் உள்ளே வந்துவிட்டார். அந்த முப்பத்து மூன்று வயதுக்காரர் கோபப்பட்டிருப்பார், சந்தேகமே இல்லை. ஆனால் எந்த விதியால் வெளியே போனோம் என்று அவருக்குத் தெரியும், இன்னும் எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்றும் தெரியும். சுவரில் இருக்கிறது, போய்ப் படித்துக்கொள்ளலாம். உங்களுக்கு வந்த அந்த ரெண்டு நிமிஷ மெயிலில் அந்த ஒரு வரி இல்லை. கோட்டாவை மாற்றச் சொல்லவில்லை, கட்டாஃபைக் குறைக்கச் சொல்லவில்லை. எந்தக் கேள்வியில் விழுந்தேன் என்று சொன்னால் போதும் என்றுதானே நாமும் கேட்கிறோம்?

சரி, பராந்தகன் கதைக்குத் திரும்புவோம்.

அடுத்த கால் நூற்றாண்டு அவருக்கு நல்ல காலம். தில்லையில் கூத்தப்பெருமான் கோயிலுக்குப் பொன் வேய்ந்தார் என்று சோழர் செப்பேடுகள் சொல்கின்றன. அவருடைய வீரநாராயணன் என்ற பெயரில் வெட்டிய ஏரிதான் இன்றைக்குச் சென்னைக்குத் தண்ணீர் அனுப்புகிற வீராணம். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு வந்தியத்தேவன் குதிரையில் வருகிற அந்த ஏரிக்கரை மறந்திருக்காது. மூத்த மகன் இராசாதித்தனை வடக்கு எல்லையைக் காக்கத் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையோடு நிறுத்தி வைத்தார்.

பிரச்சினை அங்கிருந்தேதான் வந்தது. ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன், கங்க அரசன் இரண்டாம் பூதுகனைச் சேர்த்துக்கொண்டு இறங்கினார். 949-ல் தக்கோலத்தில், இன்றைய அரக்கோணம் பக்கத்தில், பெரிய யுத்தம். யானை மேல் இருந்த இராசாதித்தன் அங்கேயே இறந்தார். கொன்றது பூதுகன் என்று கர்நாடகத்தில் ஆதகூர்க் கல்வெட்டு பெருமையாகச் சொல்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் சேர்த்துவைத்த வடபகுதி சோழர் கையை விட்டுப் போனது. தன் கிராமத்து ஏரிக் குழுவுக்கு இத்தனை தகுதி கேட்டுச் சலித்த காலத்தில், அரசனின் இடத்துக்கு யார் வரலாம் என்பதற்கு மட்டும் ரத்தமும் சண்டையும்தான் ஃபில்டராக இருந்தது. அதை மாற்ற யாரும் ஓலை அனுப்பவில்லை.

அந்தப் பாண்டியன் கிரீடமும் அவருக்குக் கிடைக்கவில்லை. வயதான காலத்தில், இலங்கையில் நான்காம் உதயன் ஆட்சியில், கிரீடத்தைக் கொடு என்று கேட்டு அனுப்பினார். அவர் மறுத்தார். படை போனது. உதயன் கிரீடத்தையும் தூக்கிக்கொண்டு தெற்கே ரோகணத்துக்குள் போய்விட்டார். சோழர் படை கிரீடம் கிடைக்காமலே திரும்பியது என்று சூளவம்சம் சொல்கிறது. 955 வாக்கில் பராந்தகன் இறந்தார். நாற்பத்தெட்டு வருஷ ஆட்சி. அடுத்து வந்தவர் இன்னொரு மகன் கண்டராதித்தன்.

அவர் இறந்தபோது தொண்டை மண்டலக் கல்வெட்டுகளில் சோழன் பெயர் இருந்த இடத்தில் கன்னரதேவன், அதாவது மூன்றாம் கிருஷ்ணன் பெயர் வந்துகொண்டிருந்தது. உத்திரமேரூர்ச் சபை மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மேலே அரசன் மாறினான், கல்லில் ஆட்சியாண்டு மாறியது, ஏரிக்கு ஆள் போடுவது நிற்கவில்லை.

ஆரணியிலிருந்து போளூர் போகிற வழியில் உள்ள திருமலைக்கு நீங்கள் போயிருந்தால், பாறையை ஒட்டிய சமணக் கோயிலையும், ஐம்பது அடி உயர நேமிநாதரையும் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் கன்னரதேவன் காலத்து விளக்குக் கொடை ஒன்று கல்லில் இருக்கு. மலையில் உள்ள கோயிலின் பெயர் குந்தவை ஜினாலயம். பராந்தகனின் கொள்ளுப்பேத்தி, ராஜராஜனின் அக்கா குந்தவை பெயரால் வந்தது என்பார்கள். அங்கே பாறையில் ராஜேந்திர சோழனின் பதின்மூன்றாவது ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஜெயித்த நாடுகளின் நீளமான பட்டியல். அதில் ஈழத்து மன்னனிடம் பாண்டியன் விட்டுவைத்த அந்தக் கிரீடத்தையும் கொண்டுவந்ததாக வருகிறது. பராந்தகன் கேட்டுக் கிடைக்காததை எழுபது வருஷத்துக்கு மேல் கழித்து எள்ளுப்பேரன் எடுத்துவிட்டான்.

அத்தனை வெற்றியையும் சொல்லி முடித்துவிட்டு, கல்வெட்டு தான் வந்த விஷயத்துக்கு வருகிறது. மல்லியூரில் இருந்த நன்னப்பயன் என்ற வணிகரின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்துக்கு ஒரு நந்தா விளக்கும், திருவமுதுக்குப் பொன்னும் கொடுத்தாள். சமணக் கோயிலுக்குக் கொடுத்த பெண், வணிகர் வீடு. உத்திரமேரூர்ச் சல்லடையில் முதல் கேள்வியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாள். அவள் பெயர் அந்தப் பாறையில், ராஜேந்திரன் பெயருக்குக் கீழே, இன்னும் இருக்கு. அடுத்த தடவை போனால் தேடிப் பாருங்கள்.